சத்தமும் சாட்சியும்

சென்ற டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, திருத்தணி மலைப் படிக்கட்டில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். வருஷத்துக்கு எத்தனை நாட்களோ அத்தனை படிகள். படிக்கு ஒரு திருப்புகழாகப் பாடிக்கொண்டு பஜனைக் கோஷ்டிகள் ஏறும் இரவு அது. ஆங்கிலப் புத்தாண்டு அன்று துரைமார்களைப் பார்க்க எலுமிச்சம்பழத்தோடு ஓடியவர்களை, தணிகைத் துரையைப் பார்க்கத் திருப்பிவிட்டவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள்.

பாட்டு உருகிக்கொண்டிருந்த சமயத்தில், கீழே அடிவாரச் சாலையில் 'படபட'வென்று வெடித்தது. பக்கத்திலிருந்த மூதாட்டி காதைப் பொத்திக்கொண்டு, "என்னப்பா, வெடி போடறாங்களா?" என்று கேட்டாள்.

"வெடி இல்லை அம்மா, மோட்டார் சைக்கிள்" என்றேன்.

"வண்டி ரிப்பேரா?"

"இல்லை. காசு கொடுத்து அப்படிச் செய்துகொண்டிருக்கிறார்கள்."

அவள் நம்பவில்லை. நீங்களும் நானும் நம்பித்தான் ஆகவேண்டும். சைலன்ஸர் என்பது வெறும் குழாய் அல்ல. அதன் வயிற்றுக்குள் தடுப்புகளும் அறைகளும் இருக்கின்றன. எஞ்சின் துப்பும் புகை அவற்றில் மோதித் திரும்பித் தன் ஆவேசம் அடங்கித்தான் வெளியே வரவேண்டும். அந்த வயிற்றைக் கிழித்தெறிந்துவிட்டு வெறும் குழாயை மாட்டிக்கொள்வதற்குத்தான் நம் இளைஞர்கள் ஆயிரக் கணக்கில் செலவழிக்கிறார்கள். "என் வண்டி, என் காசு, உனக்கென்ன?" என்பது அவர்கள் வாதம். தம்பி, வண்டி உன்னுடையதுதான். காது யாருடையது?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அதே வருஷம் செப்டம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றும் சொந்தக்காரருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஒலி வரம்பை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை போகலாம். கால் முடியாத ஒருவர் தமக்கேற்றபடி வண்டியை மாற்றிக்கொள்வதற்கு அதே சட்டம் வழியும் விட்டிருக்கிறது. தேவைக்கு இடம் கொடுத்து, திமிருக்குத் தண்டனை விதிக்கிறது. மிகவும் நியாயம்.

ஆனால் நடப்பது என்ன? சில நாள் கழித்து, ஒரு சோதனைச் சாவடியில் (எந்த ஊர் என்று சொல்லமாட்டேன்) இரண்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஒன்று உறுமும் வண்டி. அதன் சொந்தக்காரன் சிரித்துக்கொண்டே அபராதம் கட்டிவிட்டு, மறுபடி உறுமிக்கொண்டே போனான். குழாயை யாரும் கழற்றவில்லை. இன்னொருவர் தினமும் நகரியிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர். ஹெல்மெட்டில் சிறிய காமிரா வைத்திருந்தார். அதைக் கழற்றும் வரை விடவில்லை.

"போன வருஷம் லாரிக்காரன் இடிச்சிட்டு, நான்தான் குறுக்கே வந்தேன்னு சாதிச்சான் சார். எனக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்லை. அதனாலதான் இதை மாட்டினேன்" என்றார் அவர், வழியில் தேநீர் குடிக்கும்போது.

இந்த இரண்டையும் ஒரே குற்றப் பட்டியலில் சேர்ப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். ஒன்று சத்தம், மற்றொன்று சாட்சி. 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இரு சக்கர வண்டிக்காரர்கள். பிழைத்தவனுக்கும் வாய் இருக்கும், சாட்சி இருக்காது. தக்க சான்றிதழோடு மின்னணுப் பதிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அதற்கு இடமுண்டு. அப்படியிருக்க, கேரளப் போக்குவரத்துத் துறை 2022-இல் ஹெல்மெட் காமிராவுக்கு ஆயிரம் ரூபாய் அபராதமும் லைசென்ஸ் தடையும் என்று அறிவித்தது. ஓர் ஊரில் சாட்சியாக இருப்பது இன்னோர் ஊரில் குற்றவாளி ஆகிவிடுமா? எல்லைக்கோடு என்ன செய்யும் என்பது, போராடி 1960 ஏப்ரலில் தமிழகத்தோடு சேர்ந்த திருத்தணிக்காரர்களுக்குத் தெரியும்.

"காமிரா இருப்பதால்தானே இளைஞர்கள் சாகசம் செய்து சாகிறார்கள்?" என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே, முன் சக்கரத்தைத் தூக்கி ஓட்டப் போய் விழுந்த யூடியூப் பிரபலத்தின் லைசென்ஸ் பத்து வருஷத்துக்குப் பறிபோயிற்று. வண்டியைக் கொளுத்திவிடலாம் என்று சென்னை உயர்நீதிமன்றமே மனம் கசந்து சொன்னது. ஆனால் அங்கே குற்றம் சக்கரத்தைத் தூக்கிய கைகளிலும், கைதட்டலுக்கு ஏங்கிய மனத்திலும் இருந்தது. கண்ணாடி பார்த்து அலங்கரித்துக்கொள்பவன் கெட்டுப்போனால் கண்ணாடியையா உடைப்பது?

ஹெல்மெட்டைத் துளைத்துக் காமிராவைப் பொருத்துவது ஆபத்து என்பதை ஒப்புக்கொள்கிறேன். உயிரைக் காக்கும் ஓட்டைப் பலவீனமாக்கக் கூடாது. அப்படியானால் மார்பிலோ, கைப்பிடியிலோ மாட்டிக்கொள் என்று சட்டம் தெளிவாகச் சொல்லட்டும். சொல்லாமல் மௌனமாக இருந்துவிட்டு, சாவடியில் நிற்பவரின் மனம்போல் தீர்ப்பு வழங்கக் கூடாது.

சைலன்ஸர்களைத் தெருவில் பரப்பி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் படங்களைப் பத்திரிகைகளில் பார்க்கிறோம். விசாகப்பட்டினத்தில் செய்தார்கள், புனாவில் செய்தார்கள். பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் மறுநாள் காலையில் அதே குழாயை விற்கும் கடை திறந்தே இருக்கிறதே! வாங்கிய பிள்ளைக்கு அபராதம். விற்ற பெரியவருக்கு வியாபாரம். இது என்ன நீதி? ரோலர் தெருவில் ஓடினால் போதாது. சட்டம் கடைப்படி ஏறவேண்டும்.

தணிகை என்றால் முருகன் சினம் தணிந்த மலை என்பார்கள். சூரனை வென்றவனே தணிந்து அமர்ந்த இடத்தில், ஒரு வெறும் குழாய் தணிய மறுக்கிறது. அதைத் தணிக்கும் துணிவு இல்லாமல், பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கண்ணை மூடிவிட்டு, சட்டத்தைக் காத்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். அந்த மூதாட்டியின் காது அதை நம்பாது.