சிலிக்கான் ட்யூபைக் கீழ வைங்க, தண்ணி வர்ற வழியைப் பாருங்க

பழைய காருக்குள்ள மழைத்தண்ணி வந்தா நம்ம ஊர்ல முதல்ல வாங்குறது ஒரு சிலிக்கான் ட்யூப். அதுக்கு அடுத்து வாங்குறது டேஷ்போர்டு மேல வைக்கிற வாசனை டப்பா. இந்த ரெண்டையும் வாங்காதீங்கன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. கார் இல்லாதவங்களும் (அதாவது நம்ம வகுப்புல முக்கால்வாசிப் பேர்) படிக்கலாம். நாளைக்குச் சம்பாதிச்சு முதல்ல வாங்கப்போறது எப்படியும் ஒரு பத்து வருஷப் பழைய வண்டியாத்தான் இருக்கும் :-)

கார்னா தண்ணி புகாத டப்பான்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். அப்படி இல்லீங்க. தண்ணி உள்ள வரும்னு தெரிஞ்சே, வந்த தண்ணி வெளியே போக வழி வச்சுத்தான் அதைக் கட்டியிருக்காங்க. கதவையே எடுத்துக்கங்க. கண்ணாடி இறங்குற இடத்துல வெளிப்பக்கம் ஒரு ரப்பர் பீடிங் இருக்கும். அது மழையை முழுசாத் தடுக்காது. ஒவ்வொரு மழைக்கும் கதவோட வயித்துக்குள்ள தண்ணி இறங்கிக்கிட்டேதான் இருக்கும். கதவோட அடிவிளிம்புல இருக்கிற சின்ன ஓட்டைகள் வழியா அது வெளியே போயிடும். உள்பக்கம் டோர் பேடுக்குப் பின்னால பிசுபிசுப்பான கறுப்புப் பசை வச்சு ஒரு ஷீட் ஒட்டியிருப்பாங்க. அந்தத் தண்ணி நம்ம பக்கம் வராம காக்குறது அதுதான்.

வைப்பருக்குக் கீழ இருக்கிற சல்லடையும் அப்படித்தான். அதுக்கு அடியில ஒரு தொட்டி மாதிரி இருக்கும். முன் கண்ணாடியில வழியிற தண்ணி அதுல விழுந்து ஓரமா இறங்கி ரோட்டுக்குப் போகும். சன்ரூஃப் இருந்தா அதைச் சுத்தி ஒரு வாய்க்கால், மூலையில குழாய். ஏசி-யில சொட்டுற தண்ணிக்குத் தனியா ஒரு ரப்பர் குழாய்.

அதனால, உள்ள தண்ணி நிக்குதுன்னா பல நேரம் புது ஓட்டை விழுந்திருக்காது. பழைய ஓட்டை அடைச்சிருக்கும். அந்த நிலைமையில ட்யூபை எடுத்துட்டுப் போய் இன்னும் நாலு இடத்தை அடைச்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

சென்னையில வெயிலுக்குப் பயந்து வண்டியை மரத்தடியிலதான் விடுவோம். வேப்பம்பூவும், மயில்கொன்றையோட குட்டிக்குட்டி இலையும் அந்தச் சல்லடைக்குள்ள அழகா நுழையும். ஏப்ரல், மே-ல உள்ள விழுந்தது காஞ்சு சும்மா கிடக்கும். ஒரு தொந்தரவும் தராது. அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஊறிக் கூழாகி வடிகாலை அடைச்சுடும். தொட்டி நிரம்பும். நிரம்பின தண்ணி ப்ளோயருக்குக் காத்து போற வாய் வழியா நேரா நம்ம கால்மாட்டுக்கு வரும். இதுக்கு வைத்தியம் ஒரு பழைய டூத் பிரஷ், ஒரு வளையுற ஒயர், அரை மணி நேரம்.

எங்க மாமாவோட காருக்குப் பதினாறு வயசு. (கம்பெனி பேரு எதுக்கு, எல்லா வண்டியிலயும் நடக்குற கதைதான்.) மழை பெய்ஞ்சா பின்பக்கம் இடது கால்மாடு ஈரமாகும். பக்கத்து மெக்கானிக் பார்த்துட்டு, "பழைய வண்டி சார், மழைன்னா கொஞ்சம் வரத்தான் செய்யும்"னு சொல்லி பின் கதவு பீடிங்கைச் சுத்தி சிலிக்கான் வச்சாரு. அடுத்த மழைக்கும் வந்துச்சு. இன்னொரு ட்யூப். "வித்துடலாமான்னு பார்க்குறேன்டா"ன்னு மாமா சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. "ஒரு ஞாயித்துக்கிழமை டைம் குடுங்க மாமா"ன்னு கேட்டு, சீட்டைக் கழட்டி கார்பெட்டைத் தூக்கினோம். மேல தொட்டா காஞ்ச மாதிரி இருந்தது. அடியில இருக்கிற ஸ்பாஞ்சைப் பிழிஞ்சா கஞ்சி மாதிரி தண்ணி.

தண்ணி வந்தது பின் கதவுல இல்ல, முன் கதவுல. ஏதோ ஒரு காலத்துல ஸ்பீக்கர் மாட்டினவங்க உள்ளே இருந்த ஷீட்டை பிளேடால கிழிச்சு, திரும்ப ஒட்டாமலே டோர் பேடை மாட்டிட்டாங்க. அப்புறம் ஏன் பின்னால ஈரம்? மாமா வீட்டு கேட்டுக்கு முன்னால சாய்வுதளம். வண்டி எப்பவும் மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும். முன்னால புகுந்த தண்ணி கார்பெட்டுக்கு அடியிலயே பின்னால ஓடிடுது. மெக்கானிக் ஷெட்டுல வண்டி சமதரையில நிக்கிறதால இது அவர் கண்ணுல படவே வாய்ப்பில்ல. புது ஷீட், ஒட்டுறதுக்கு ப்யூட்டைல் டேப், அரை நாள். அவ்வளவுதான் செலவு.

ஈரம் இருக்கிற இடம் வேற, தண்ணி நுழையிற இடம் வேற. ஒயர் கட்டு மேலயே வழுக்கிட்டு வந்து ரெண்டடி தள்ளிச் சொட்டும். கூரை ஆன்டெனா அடியில நுழைஞ்சது தூண் வழியா இறங்கித் தரையில தேங்கும். அதனால தேடாம அடைக்கிறது இருட்டுல கல் எறியிற மாதிரி.

எப்படித் தேடுறது? முதல்ல அது என்ன தண்ணின்னு பாருங்க. மழையே இல்லாம, ஏசி போட்டு ஓட்டின நாள்ல மட்டும் முன்பக்கம் ஈரமானா அது ஏசி வடிகால் அடைப்பு. நம்ம ஊர் புழுக்கத்துல நீண்ட பயணத்துல லிட்டர் கணக்குல சொட்டும். வண்டிக்கு அடியில சொட்டவே இல்லைன்னா உள்ளதான் சொட்டுதுன்னு சந்தேகப்படுங்க. பச்சையாவோ ரோஸ் கலர்லயோ, தொட்டா வழவழன்னு, லேசா இனிப்பு வாசனையோட இருந்து, முன் கண்ணாடியில எண்ணெய்ப் படலம் மாதிரி படிஞ்சா அது கூலன்ட். ஹீட்டர் காயில் ஒழுகுது. அதுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம். குழந்தைங்க, வீட்டு நாய் பூனை கிட்ட விடாதீங்க. இன்ஜினும் சூடாகிப் படுத்துடும். அதை மெக்கானிக் கிட்டயே விட்டுடுங்க.

மழைத்தண்ணிதான்னா, முதல்ல உள்ள முழுசா காயவைங்க. கார்பெட்டை எடுத்துட்டுத் தரையில நியூஸ்பேப்பர் விரிங்க. ஒருத்தர் டார்ச்சோட உள்ள உட்காரணும், இன்னொருத்தர் வெளியே ஹோஸ் பிடிக்கணும். வாட்டர் சர்வீஸ் பிரஷர் வேண்டாம், சாதாரண மழை மாதிரி ஊத்தினா போதும். கீழ இருந்து மேல போங்க, ஒவ்வொரு இடத்துக்கும் பத்து நிமிஷம். மேல ஆரம்பிச்சா எல்லா இடமும் ஒரே நேரத்துல நனைஞ்சு, எது குற்றவாளின்னு தெரியாமப் போயிடும். கதவு பீடிங் மேல சந்தேகம்னா முகத்துக்குப் போடுற பவுடரை உள்விளிம்புல தூவிட்டு ஊத்துங்க, தண்ணி வந்த தடம் கோடா தெரியும். இல்லைன்னா ஒரு காகிதத்தை வச்சுக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்க. இழுக்கச் சிரமமே இல்லாம வர்ற இடத்துல ரப்பர் செத்துடுச்சு. எல்லாக் கண்ணாடியும் ஏத்தி, வெளிக்காத்து எடுக்கிற மாதிரி வச்சு ப்ளோயரை முழு வேகத்துல விட்டு, வெளியே ஓரங்கள்ல சோப்புத் தண்ணி பூசினா நுரை வர்ற இடமும் காட்டிக்கொடுக்கும். டிக்கியில ஸ்டெப்னி குழிக்குள்ள தண்ணின்னா பின் லைட்டோட ரப்பரை முதல்ல பாருங்க.

சிலிக்கானைப் பத்தி வேதியியல் மாணவன்கிற முறையில ஒண்ணு சொல்லணும். பிழியும்போது வினிகர் வாடை அடிக்கிறது அசிட்டிக் அமிலம். பெயின்ட் உரிஞ்ச இரும்பு மேல அதைப் பூசினா துருவுக்கு நாமளே விருந்து வைக்கிறோம். அது மேல பெயின்டும் ஒட்டாது. இப்போதைய கார்கள்ல முன் கண்ணாடி பாலியூரித்தேன்ல ஒட்டினது. பின்னால கண்ணாடியைச் சரியா ஒட்ட வர்றவர், பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுக்கவே பாதி நாள் செலவழிப்பாரு.

இவ்வளவு சொன்னாலும் மெக்கானிக் மேல மட்டும் பழி போட எனக்கு மனசு வரல. யோசிச்சுப் பாருங்க. அவர் சீட்டைக் கழட்டி, ரெண்டு மணி நேரம் தேடி, "வேப்பிலை அடைச்சிருந்துச்சு சார், எடுத்துட்டேன்"னு சொன்னா நாம எவ்வளவு குடுப்போம்? "இலை எடுத்ததுக்கு எண்ணூறு ரூபாயா?"ன்னு சண்டைக்குத்தான் போவோம். ட்யூப் வச்சேன்னு சொன்னா பேசாமக் குடுப்போம். கண்ணுக்குத் தெரியிற பொருளுக்குக் காசு, தேடின நேரத்துக்குக் காசு இல்ல. அவர் ட்யூப் வைக்காம வேற என்ன செய்வாரு? தேடுறதுக்குத் தனிக் கூலி உண்டுன்னு முதல்லயே பேசிட்டு வண்டியைக் குடுத்துப் பாருங்க, வேலையே வேற மாதிரி நடக்கும்.

"பழைய வண்டிக்கு இவ்வளவு தேவையா?"ன்னு கேட்கலாம். மாருதி 800, அம்பாசடர் ரெண்டோட தயாரிப்பும் 2014-ல நின்னுச்சு. கடைசியா வந்த வண்டிக்கே 2029-ல 15 வயசு ஆயிடும். சொந்த உபயோக காருக்கு 15 வருஷம் முடிஞ்சா ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும், புதுப்பிச்சா 5 வருஷம். இன்ஜின் நல்லா இருக்கிற வண்டியைக்கூட அந்த நேரத்துல காயலான் கடைக்கு அனுப்ப வைக்கிறது தரையில பிடிச்ச துரு. அந்தத் தரையிலதான் சீட்டும், பெல்ட்டும் போல்ட் போட்டு நிக்குது. கார்பெட்டுக்கு அடியில ஒயர் கனெக்டர்களும் இருக்கு, பச்சை பூத்துப்போனா சம்பந்தமே இல்லாத லைட்டெல்லாம் எரியும். வாசனை டப்பா மறைக்கிறது பூஞ்சை வாடையை. வீசிங் இருக்கிற குழந்தை பின் சீட்டுல உட்கார்ந்து அந்தக் காத்தைத்தான் இழுக்குது.

2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் முழுகின வண்டிகளுக்கு இது எதுவும் பொருந்தாது. செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அங்க சேத்துக்கறை இருந்தா அது ஒழுகுற வண்டி இல்ல, முழுகின வண்டி.

பி.கு: சன்ரூஃப் குழாய் அடைச்சிருந்தா பங்க்சர் கடைக் காத்தை வேகமா விடாதீங்க. குழாய் உள்ளுக்குள்ள கழண்டுக்கும், அப்புறம் கூரைத் துணியையே இறக்கணும். மெல்லிசான நைலான் கம்பி போதும்.