ஒரு பக்கப் படமும் அதில் விடுபட்ட ஆளும்

பத்திரிகைத் துறையில் மூன்று தசாப்தங்களைக் கழித்துவிட்ட ஒருவன் கணினி மென்பொருள் பற்றிக் கருத்துக் கூறுவதற்கு என்ன தகுதி கொண்டிருக்கிறான் என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பல்கலைக்கழகத்தில் நான் கற்றது கலைப்பாடங்களையே. மென்பொருள் எழுதுவதற்கு எனக்குத் தெரியாது. ஆனால், மென்பொருள் தவறிழைக்கும்போது அதன் விளைவுகளை அனுபவிப்பவர்களும் பெரும்பாலும் அதை எழுதத் தெரியாதவர்களே. அந்த ஒரு காரணத்துக்காகவேனும் எம்மைப் போன்றவர்களும் இந்த விடயத்தில் வாய்திறக்க வேண்டியிருக்கிறது.

நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகையொன்றில் மரண அறிவித்தல்களை ஏற்று, கட்டணத்தைக் கணித்து, பக்க வடிவமைப்பாளரிடம் சேர்ப்பிக்கும் சிறியதொரு மென்பொருள் பயன்பாட்டில் இருந்தது. தமிழ்ப் பத்திரிகைகளைப் பொறுத்தவரை மரண அறிவித்தல் பக்கத்தின் முக்கியத்துவத்தை நான் விளக்கத் தேவையில்லை. ஆசிரிய தலையங்கத்தைப் படிக்காதவர்களும் அந்தப் பக்கத்தைப் படிக்கத் தவறுவதில்லை.

2012ஆம் ஆண்டில் ஆசிரியபீடத்தில் இட நெருக்கடி ஏற்பட்டபோது, மூலையொன்றில் தூசு படிந்து கிடந்த பழைய கணினியொன்றை அகற்றுமாறு பணித்தவன் நானே. அதன் முன்னால் எவரும் அமர்ந்திருந்ததை நான் கண்டதில்லை. அன்று இரவு வழமைபோன்று பத்திரிகை அச்சுக்குப் போனது. மறுநாள் காலை வவுனியாவில் இருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். அவர் கோபப்படவில்லை. "ஐயா, அப்பாவின் அறிவித்தலைக் காணவில்லையே. பத்து மணிக்குக் கிரியை. சனத்துக்கு எப்படித் தெரியப்போகிறது?" என்றுதான் கேட்டார். அன்றைய தினம் வெளியூர்களில் இருந்து வந்த மூன்று அறிவித்தல்கள் பத்திரிகையில் இடம்பெறவில்லை. எவரும் அவற்றைத் தவறவிட்டதாக நினைத்திருக்கவும் இல்லை. விளம்பரப் பிரிவின் திரையில் அவை 'கிடைத்தன' என்றே காணப்பட்டன.

காரணம் பின்னர்தான் தெரியவந்தது. பத்திரிகை யுனிக்கோட் முறைக்கு மாறிவிட்டபோதிலும், பிரதேச முகவர்கள் தொடர்ந்தும் பாமினி எழுத்துருவிலேயே அறிவித்தல்களைத் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டிருந்தனர். அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றும் வேலையை நான் அகற்றச்சொன்ன அந்தப் பழைய கணினியே செய்துவந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்த இளைஞர் வேலையைவிட்டு விலகி வெளிநாடு சென்று இரு வருடங்களாகிவிட்டன. எழுத்தில் எதுவும் இல்லை. விசாரித்தபோது இன்னொரு விடயமும் வெளிவந்தது. இரவுக் காவலாளி எம்மிடம் வந்து, "கரண்ட் போய் வந்தால் அந்தக் கணினியைப் போட்டுவிடச் சொல்லித் தம்பி சொல்லிவிட்டுப் போனவர். நான்தான் ஐயா இவ்வளவு நாளும் போட்டனான்" என்றார். எமது மரண அறிவித்தல் பக்கம் இரண்டு வருடங்களாக அந்த மனிதரின் கையில் தங்கியிருந்திருக்கிறது. அது அவருக்கும் தெரியாது. எமக்கும் தெரியாது.

கோளாறைச் சீர்செய்ய வந்த மென்பொருள் பொறியியலாளரான யுவதி, முதலில் கணினியைத் தொடவில்லை. ஒப்புநோக்கிய பழைய தாளொன்றின் பின்புறத்தில் ஒரு பெட்டியை வரைந்தார். அதற்குள் மென்பொருளின் பெயரை மாத்திரம் எழுதினார். பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு அந்தப் பெட்டியைச் சுற்றி ஆட்களை எழுதினார்: விளம்பரப் பிரிவு எழுதுவினைஞர், பிரதேச முகவர், ஒப்புநோக்காளர், பக்க வடிவமைப்பாளர், கணக்காளர். அடுத்து, வெளியில் உள்ள ஏனைய கணினி முறைமைகளை எழுதினார்: முகவர்களின் மின்னஞ்சல், எழுத்துரு மாற்றும் பழைய கணினி, கணக்குப் பிரிவின் மென்பொருள். இறுதியாக, ஒவ்வொன்றையும் பெட்டியுடன் ஒரு கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் வழியாக எது எந்தத் திசையில் செல்கிறது என்று எழுதினார். காவலாளியையும் அவர் விட்டுவிடவில்லை. எல்லாமாக அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்தத் தாள் முன்னரே சுவரில் ஒட்டப்பட்டிருந்தால் நான் அந்தக் கணினியை அகற்றச்சொல்லியிருக்க மாட்டேன்.

இத்தகைய வரைபடத்தைச் சூழமைவுப் படம் என்று அழைக்கிறார்கள். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1970களின் இறுதியிலேயே டொம் டிமார்க்கோ போன்றவர்கள் தமது கட்டமைப்புப் பகுப்பாய்வு முறையில் இதற்கு முதலிடம் கொடுத்தார்கள். இன்று பரவலாகப் பின்பற்றப்படும் சைமன் பிறவுணின் 'சி4' முறையில் நான்கு படிகள் உண்டு. அவற்றில் முதலாவது படி இந்தப் படம்தான். ஜேர்மனியில் உருவான 'ஆர்க்42' என்ற ஆவண மாதிரியிலும் மூன்றாவது அத்தியாயம் முழுவதும் இதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மென்பொருள் எந்தக் கணினி மொழியில் எழுதப்பட்டது, தரவுகள் எந்த வழங்கியில் இருக்கின்றன என்பவையெல்லாம் இதில் இடம்பெறுவதில்லை. இது எதற்காக இருக்கிறது, யார் பயன்படுத்துகிறார்கள், வெளியில் எவற்றில் தங்கியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு மாத்திரமே இது பதில் சொல்கிறது. செய்தியின் முதற்பந்தியில் யார், என்ன, எங்கே என்று எழுதப் பழகிய எம்மைப் போன்றவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் எதுவும் இருக்க முடியாது.

எமது பத்திரிகையில் நேர்ந்தது ஒரு குடும்பத்தின் மனவேதனையுடன் முடிந்தது. ஆனால், இத்தகைய படத்தில் ஒரு ஆள் விடுபட்டுப்போவதால் எத்தகைய அநீதி நேரலாம் என்பதற்குப் பிரித்தானியாவின் தபால் நிறுவனத்தில் நடந்தது உலகறிந்த உதாரணம். 1999ஆம் ஆண்டில் அங்கு 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் அறிமுகப்படுத்தப்பட்டது. அதன் பின்னர் நாடெங்கும் உள்ள உபதபாலதிபர்களின் கணக்குகளில் பணக்குறைவு காணப்படத் தொடங்கியது. 2015ஆம் ஆண்டு வரையான காலகட்டத்தில் 900க்கும் அதிகமானவர்கள் களவு, மோசடி, பொய்க்கணக்கு ஆகிய குற்றச்சாட்டுகளில் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டனர். கருவுற்றிருந்த பெண்ணொருவரும் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

தமது கணக்கில் வேறு எவராவது கைவைத்திருக்க முடியுமா என்று உபதபாலதிபர்கள் கேட்டனர். அவர்களைத் தவிர வேறு எவராலும் அது இயலாது என்பதே தபால் நிறுவனத்தின் நீண்டகால நிலைப்பாடாக இருந்தது. ஆனால், மென்பொருளை வழங்கிய புஜிட்சு நிறுவனத்தின் ஊழியர்களால், உபதபாலதிபர்களுக்குத் தெரியாமலேயே தொலைவில் இருந்து அந்தக் கணக்குகளில் பதிவுகளைச் சேர்க்கக்கூடியதாக இருந்தது. 555 பேர் தொடுத்த வழக்கில் நீதியரசர் பிரேசர் 2019 டிசெம்பரில் வழங்கிய தீர்ப்பு இதனையும், மென்பொருளில் இருந்த குறைபாடுகளையும் உறுதிப்படுத்தியது. 2021 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை இரத்துச் செய்தது. 2024 மே மாதத்தில் பாராளுமன்றம் சட்டமொன்றின் மூலமாக நூற்றுக்கணக்கானவர்களின் தண்டனைகளை ஒட்டுமொத்தமாக நீக்கியது. இந்த விவகாரத்தின் காரணமாகக் குறைந்தபட்சம் 13 பேர் தமது உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.

ஒரு படம் இருந்திருந்தால் இவையனைத்தும் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று நான் வாதிட வரவில்லை. மறைக்க விரும்புகிறவர்கள் படத்திலும் மறைப்பார்கள். ஆனால், இந்த மென்பொருளைத் தொடக்கூடியவர்கள் யார் யார் என்ற பட்டியலை வழக்கின் முதல் நாளிலேயே முன்வைக்குமாறு கேட்பது அங்கு வழமையாக இருந்திருந்தால், பொய் சொல்வது அவ்வளவு இலகுவாக இருந்திருக்காது. எமது காவலாளியும் புஜிட்சுவின் ஊழியரும் தராதரத்தில் வேறுபட்டவர்கள். ஆயினும் இருவருக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. அவர்கள் உத்தியோகபூர்வமான 'பயனர்' பட்டியலில் இல்லாத பயனர்கள். தவறோ அநீதியோ பெரும்பாலும் அத்தகைய இடத்தினூடாகவே உள்ளே வருகிறது.

வெளியில் தங்கியிருப்பவற்றின் கதையும் இதைப் போன்றதே. 2016 மார்ச்சில் நிரலாளர் ஒருவர், 'லெப்ட்-பாட்' என்ற தனது 11 வரி நிரலைப் பொது இணையக் களஞ்சியத்தில் இருந்து அகற்றிக்கொண்டார். அதைப் பயன்படுத்துகிறோம் என்பதையே அறியாதிருந்த ஆயிரக்கணக்கான மென்பொருள் திட்டங்கள் அன்று தடைப்பட்டன. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய பிழையான புதுப்பிப்பொன்று, மைக்ரோசொப்ட்டின் மதிப்பீட்டின்படி, சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. விமானங்கள் இரத்துச் செய்யப்பட்டன. மருத்துவமனைகளின் பணிகளும் பாதிக்கப்பட்டன. அன்று விமான நிலையத்தில் காத்துக்கிடந்த பயணிகளில் எத்தனை பேர் தமது பயணத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறது என்று முதல்நாள் இரவு அறிந்திருப்பார்கள்?

இந்த விடயத்தில் மென்பொருள் துறையினரின் நியாயங்களையும் கவனிக்க வேண்டும். ஆவணங்கள் எழுதி முடிப்பதற்குள் பழையதாகிவிடும் என்பது அவர்களின் முதலாவது வாதம். நூறு பக்க ஆவணத்துக்கு அது பொருந்தும். நிரல் நாளாந்தம் மாறலாம். ஆனால் ஒரு மென்பொருளைப் பயன்படுத்தும் தரப்பினரும், அது தொடர்புகொள்ளும் வெளி முறைமைகளும் நாளாந்தம் மாறுவதில்லை. ஒரு பக்கத்தை மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை பார்த்துத் திருத்தி, கீழே திகதியையும் பொறுப்பாளரின் பெயரையும் இடுவது எவருக்கும் பெருஞ்சுமை அல்ல.

எழுதி வைத்தால் மாத்திரம் போதுமா என்பது இரண்டாவது வாதம். போதாது என்பதே உண்மை. 1999 செப்டெம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலை விண்கலம் அழிந்துபோனது. லொக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தின் மென்பொருள் பவுண்ட் அலகில் கொடுத்த கணிப்பை, நாசாவின் வழிகாட்டும் குழுவினர் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டனர். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறத்தாழ 4.45 மடங்கு. மெட்ரிக் அலகையே பயன்படுத்த வேண்டும் என்று ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. அதன்படி நடக்கிறதா என்று எவரும் சரிபார்க்கவில்லை. ஆகவே படத்தில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் இரு முனைகளிலும் பொறுப்பான ஒருவர் இருக்கவேண்டும். அந்தக் கோடு அறுந்தால் யாருக்கு அறிவிப்பது என்பதும் பக்கத்தின் கீழே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவ்வளவையும் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் அரச சேவைகள் ஒவ்வொன்றாகக் கணினிமயமாகி வருகின்றன. தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடை உதவியைப் பெறுவதற்கான உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்திடப்பட்டது. ஒரு பிரஜையின் பெயரையும் முகத்தையும் கைரேகையையும் ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் முறைமை பற்றி எழும் முதல் கேள்வி, அதன் தொழில்நுட்பம் எத்தகையது என்பதல்ல. அந்தப் பெட்டியைச் சுற்றி நிற்பவர்கள் யார் என்பதே. எந்தெந்தத் திணைக்களங்கள் அதனிடம் கேள்வி கேட்கும்? பாதுகாப்புத் தரப்பினருக்குத் தனிக்கோடு உண்டா? பராமரிப்பு நிறுவனத்தின் ஊழியர் எதைப் பார்க்கமுடியும்? கடந்த காலத்தில் அடையாள அட்டையுடன் சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்ற தமிழ் மக்களுக்கு, இவை ஏட்டுச் சுரைக்காய்க் கேள்விகள் அல்ல.

இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஒரு செயற்திட்டம் ஆரம்பிப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னதாக அது தொடர்பான தகவல்களைப் பொதுமக்களுக்கும் அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்கும் கடமையைப் பொறுப்பான அமைச்சரிடம் ஒப்படைத்திருக்கிறது. பாதுகாப்பைக் காரணம்காட்டி விபரங்கள் மறுக்கப்படலாம். கடவுச்சொல்லையோ வழங்கியின் முகவரியையோ நாம் கேட்கவில்லை. யார் பயன்படுத்துகிறார்கள், எதனுடன் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் கேட்கிறோம். ஒரு கோட்டின் வழியாகச் செல்லும் விபரத்தை மறைப்பதற்கு நியாயம் இருக்கலாம். அப்படியொரு கோடு இருப்பதையே மறைப்பதற்கு நியாயம் இருக்கமுடியாது.

அரச நிறுவனங்களுக்கு மாத்திரம் இந்த உபதேசம் உரியதல்ல. பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், ஆலய பரிபாலன சபைகள், ஏன், பத்திரிகை அலுவலகங்களும்கூட, மென்பொருளுக்குப் பணம் செலுத்துவதற்கு முன்னர் இந்த ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கவேண்டும். கொடுத்தவுடன் அதை அலுவலகத்தில் உள்ள எல்லோருக்கும், தேநீர் கொண்டுவருபவர் உட்பட, காட்டி 'இதில் யாராவது விடுபட்டிருக்கிறார்களா?' என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்விக்கு மேசையில் இருப்பவர்களைக் காட்டிலும் வாசலில் நிற்பவர்களிடம் சரியான பதில் கிடைக்கலாம்.

வவுனியாவைச் சேர்ந்த அந்தக் குடும்பத்தினரின் அறிவித்தலை மறுநாள் எமது மன்னிப்புடன் கட்டணமின்றிப் பிரசுரித்தோம். அப்போது கிரியைகள் முடிந்திருந்தன.