அக்காவின் எடை தங்கைக்கு எதற்கு?

"மூணு மாசமா சூரணம் சாப்பிடுறா டாக்டர். மூஞ்சி மட்டும் உப்பியிருக்கு. கை காலெல்லாம் அப்படியே குச்சி மாதிரி இருக்கு. இவ அக்காவைப் பாருங்க, எப்படித் தளதளன்னு இருக்கா!"

சென்ற வருடம் என்னிடம் வந்த ஒரு தாயின் புலம்பல் இது. நோயாளி 19 வயதுத் தங்கை. கூடவே 22 வயது அக்காவையும் அழைத்து வந்திருந்தார். எதற்கு என்கிறீர்களா? எனக்குக் காட்டத்தான்! துணிக்கடையில் பழைய ரவிக்கைத் துணியை நீட்டி, "இதே மாதிரி வேணும்" என்று கேட்போமே, அப்படி!

தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குச் சுருக்கென்றது. முழுநிலா போல உருண்ட முகம், புதிதாக முளைத்த பருக்கள், மாதவிலக்கும் தள்ளிப் போயிருந்தது. "சூரணம் எங்கம்மா வாங்கினீங்க?" "பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, சித்த வைத்தியர்னு போர்டு போட்டிருந்தது..."

வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். சதை போட மருந்து என்று விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலக்கிறார்கள். கெட்ட பெயரோ எங்கள் தொழிலுக்கு! சரி, தெரிந்துவிட்டதே, நாளையே நிறுத்திவிடலாம் என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டு தூங்கிவிடும். திடீரென நிறுத்தினால் மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு, சில சமயம் உயிருக்கே ஆபத்து. ஆகவே அன்றைக்கே சீட்டு எழுதிக் கொடுத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன். அங்கே ரத்தப் பரிசோதனை செய்து, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் இருந்தது? ஒன்றுமில்லை! சகோதரிகள் இருவருமே 155 செ.மீ. உயரம். அக்கா 54 கிலோ. தங்கை, அந்தப் பொடிக்கு முன் 46 கிலோ. இந்த உயரத்துக்கு நம் நாட்டவருக்குச் சொல்லப்படும் சரியான எடை சுமார் 44½ முதல் 55 கிலோ வரை. பத்துக் கிலோவுக்கு மேல் இடம் விட்டுத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! இருவருமே அதற்குள்தான் இருந்தார்கள்.

சித்த மருத்துவத்தில் வாத உடல், பித்த உடல், கப உடல் என்று பிரித்துச் சொல்வோம். வாத உடம்புக்காரர் மெலிந்திருப்பார், தோல் உலர்ந்திருக்கும். பித்த உடம்புக்குச் சூடு அதிகம், சீக்கிரம் நரைக்கும். கப உடம்பு பருமன், நல்ல தூக்கம். கலப்பும் உண்டு. ஒரே வயிற்றில் பிறந்தவர்களிடம்கூட இது மாறும். நாடி பார்க்கும்போது வாதம் 1, பித்தம் ½, கபம் ¼ என்ற அளவில் நடந்தால்தான் சுகம் என்போம். கவனித்தீர்களா? ஒரே உடம்புக்குள் இருக்கும் மூன்றுக்கே சமபங்கு கிடையாது! அப்படியிருக்க, அக்கா உடம்பும் தங்கை உடம்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த வைத்தியன் சொன்னான்?

பெரியவர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? காலையில் பூங்காவில் நடக்கப் போனால், "உங்களுக்குச் சுகர் எவ்வளவு?" என்பதுதான் வணக்கம் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறைந்தது என்று அவருடைய மாத்திரையையே வாங்கிப் போட்டுக்கொண்டு, சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுந்தவரை நானே பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு உபதேசம் செய்யும் எனக்கும் அந்த நோய் இருந்தது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில், கல்யாண வீடுகளில், "எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா தம்பி?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்தே சில கல்யாணங்களுக்கு நான் போகவில்லை. நல்ல சாப்பாடுதான் போச்சு!

அதற்காக, எல்லாமே உடல்வாகு என்று சும்மா இருந்துவிடாதீர்கள். காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, அடங்காத தாகம் எடுத்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். ஒப்பிட்டே தீரவேண்டுமென்றால் போன வருட உங்களோடு ஒப்பிடுங்கள். போன வருட எடை, போன வருட ரத்த அழுத்தம். இந்தக் கணக்கு எங்களுக்கும் உதவும்.

ஆறு மாதம் கழித்து அந்தப் பெண் வந்தாள். முகம் பழையபடி ஆகியிருந்தது. எடை 47 கிலோ. அம்மாவுக்கு இன்னமும் அரைமனசுதான். "இன்னும் ஒரு ரெண்டு கிலோ..." என்று இழுத்தார்.

"அம்மா, தீபாவளிக்கு டெய்லர்கிட்ட என் அளவை மட்டும் கொடு, போதும்" என்றாள் அவள்.