ஏழைகளின் மாலத்தீவா?

'ஏழைகளின் ஊட்டி' என்ற பட்டத்தைச் சுமந்தே ஏற்காட்டுக்கு வயதாகிவிட்டது. மலைக்கு மட்டும் பட்டம் இருந்தால் போதுமா என்று நினைத்தாரோ என்னவோ, சென்ற இதழில் எழுதிய கட்டுரையாளர் அடிவாரத்துக்கும் ஒன்று கட்டிவிட்டார். சேலத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கிக் கிடக்கும் கல்குவாரிகளும் வெள்ளைக்கல் குழிகளும் இனி ஏழைகளின் மாலத்தீவாம்.

அவர் வாதம் இதுதான். ஸ்கூபா டைவிங் கற்க மாலத்தீவு, தாய்லாந்து, அந்தமான் என்று பணத்தைக் கொட்டுவது பகட்டு. இங்கிலாந்துக்காரன் கைவிட்ட குவாரியிலேயே மூழ்கிக் கற்றுக்கொள்கிறான். நம்மூரில் குழிக்கா பஞ்சம்? நாலு குழியை எடுத்துச் சீர்செய்து, முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரைக் கட்டிவிட்டால், காலையில் குழியில் முக்குளிப்பு, மாலையில் ஏற்காட்டில் காபி. சுற்றுலா கொழிக்கும், இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும்.

முதலில் அந்தச் சிலிண்டரை இறக்கி வைப்போம். ஸ்கூபா பழகுகிறவன் முதுகில் இருப்பது ஆக்சிஜன் அல்ல, அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் வலிப்பு வரலாம். தண்ணீருக்கு அடியில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. முதல் நாள் முதல் வகுப்பில் சொல்லித்தரும் பாடம் இது. அந்த வகுப்புக்கே போகாதவர் ஒரு மாவட்டத்துக்குத் திட்டம் போடுகிறார்.

போகட்டும், சொல் பிழை என்று விட்டுவிடலாம். அந்த மாலைக் காபியை அப்படி விட முடியாது. கட்டுரையின் மகுடமே அதுதான், ஆளைக் கொல்லக்கூடியதும் அதுதான்.

ஆழத்தில் அழுத்தம் கூடக் கூட, சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து இறங்கும். மேலே வந்தபின் மெல்ல மெல்ல, மணிக்கணக்கில் அது வெளியேற வேண்டும். அதற்குள் சுற்றியுள்ள காற்றழுத்தம் குறைந்தால் உடம்புக்குள் குமிழ் கட்டும். கோலி சோடாவில் கோலியை அழுத்தியதும் என்ன நடக்கிறதோ அதுதான், ஆனால் நடப்பது முழங்கால் மூட்டிலும் தண்டுவடத்திலும். இதனால்தான் டைவ் செய்தபின் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் விமானம் ஏறாதே என்கிறார்கள். விமானத்துக்குச் சொன்னது மலைப்பாதைக்கும் பொருந்தும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். குழியிலிருந்து ஈரம் காயாமல் எழுந்து, காரில் 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஒரு மணி நேரத்தில் 1,200 மீட்டர் உயரம் கூடிவிடும். காபி வருவதற்குள் மூட்டுவலி வரும். அழுத்த அறைச் சிகிச்சைக்கு ஆளை எங்கே கொண்டுபோவது என்று கட்டுரையில் ஒரு வரி கிடையாது. காபிக்கு மட்டும் இரண்டு பத்தி.

அந்த இரண்டு பத்தியில் ஏற்காட்டு ஏரியையும் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார், அங்கேயும் மூழ்கலாமே என்று. கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உள்ள நீர்நிலையில் மூழ்குவதற்குக் கணக்கே வேறு. மூழ்கும் நேரம், ஏறும் வேகம், இடையில் நிற்கும் நிறுத்தம் எல்லாம் மாறும். தனிப் பயிற்சி உண்டு, தனி அட்டவணை உண்டு. படகுச்சவாரி போகிற குடும்பங்களை நிம்மதியாக விடுங்கள் ஐயா.

இங்கிலாந்துக்கு வருவோம். அவர் மார்தட்டிக் காட்டும் குவாரி லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டோனி கோவ். 1958இல் கல் உடைப்பதை நிறுத்திய இடம். ஊற்று நீர் நிரம்பியது, இன்று ஆழம் சுமார் 35 மீட்டர். அது எப்படிப் பயிற்சிக்களம் ஆனது என்று அவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஆறேழு மீட்டரில் ஒரு தட்டு, இருபதில் ஒரு தட்டு, அதற்குக் கீழே அடித்தளம் என்று படிப்படியாக வெட்டிய குவாரி அது. கற்றுக்குட்டி முதல் தட்டில் மண்டியிட்டுப் பழகுவான், தேறினவன் அடுத்த தட்டுக்கு இறங்குவான். நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. குவாரியைப் பெஞ்ச் பெஞ்சாகத்தான் வெட்ட வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. கட்டுரையாளர் பார்த்த குழிகளில் எத்தனையில் அப்படிப் படி இருந்தது? நான் எட்டிப் பார்த்தவற்றில் விளிம்பிலிருந்து ஒரே செங்குத்து. காலைத் தவறவிட்டால் தரைக்கும் அடி ஆழத்துக்கும் நடுவே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் குவாரிக் குட்டையில் மூழ்கிய சிறுவர்களைப் பற்றிச் செய்தி வருகிறதே, அந்தச் சுவர்தான் காரணம்.

பிரிட்டனின் குவாரிக் கதையில் அவர் தவிர்த்துவிட்ட அத்தியாயமும் ஒன்று உண்டு. வட வேல்ஸில் டோரதியா என்ற பழைய சிலேட்டுக்கல் குவாரி, 1970இல் மூடியது, 100 மீட்டர் ஆழம். மேற்பார்வையும் வசதியும் இல்லாமல் ஆளாளுக்கு இறங்கினார்கள். 1990களின் நடுவில் தொடங்கிப் பத்தாண்டுக்குள் இருபது பேருக்கு மேல் அங்கே செத்தார்கள். குவாரி டைவிங்குக்கு முகம் இரண்டு. ஸ்டோனி கோவைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டு, டோரதியாவை நடத்துவதுதான் நம் ஊர் வழக்கம் என்பது ஐந்து வருடம் இங்கே வாழ்ந்தவனுக்கும் தெரியும்.

இன்னொன்று. பிரிட்டன்காரன் குவாரிக்குப் போவது குவாரி மேல் உள்ள காதலால் அல்ல. அவன் கடல் குளிரும், அலையும் நீரோட்டமும் பாதி நாள் இறங்கவிடாது. கடல் கைகொடுக்காத நாளுக்கு அவன் தேடிக்கொண்ட மாற்று அது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு அந்த மாற்றை நாம் கடன் வாங்க வேண்டுமா?

குழிநீரின் நீலத்தைப் பற்றி அவர் உருகி உருகி எழுதியிருக்கிறார். நுண்ணிய கல்தூள் மிதக்கும் தண்ணீரில் வெளிச்சம் சிதறினால் அப்படித்தான் நீலப்பச்சையாய்த் தெரியும். மேலிருந்து படம் எடுக்க அழகுதான். முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே தலையைவிட்டால், நான் ஒருமுறை விட்டேன், நீட்டிய கையின் விரல் தெரியவில்லை. கீழே காலைத் துழாவினால் துருப்பிடித்த கம்பிவடம். மாலத்தீவுக்காரன் கேட்டால் மானநஷ்ட வழக்குப் போடுவான்.

இதுவரை சொன்னது எல்லாம் அறியாமை. மன்னித்துவிடலாம். அந்தக் குழிகளை மண் நமக்குத் தந்த கொடை என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மண் தரவில்லை, எடுத்தவர்கள் விட்டுப்போனார்கள். வெள்ளைக்காரன் சுண்ணாம்பு என்று நினைத்துச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்த இடத்தில் சுண்ணாம்பே இல்லை, மேக்னசைட் இருந்தது. சேர்வராயன் மலையின் காலடியில் அதைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டினார்கள். உலையின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய அது தேவை, நாட்டின் எஃகு அதில்தான் வெந்தது, மறுக்கவில்லை. மலையுச்சியிலும் கைவைத்தார்கள். மேட்டூர் மால்கோ ஆலையின் அலுமினியத்துக்காக ஏற்காட்டில் பாக்சைட் வெட்டினார்கள். பாக்சைட் மேற்தொப்பி கடற்பஞ்சு மாதிரி, மழையைக் குடித்துவைத்து ஊற்றாக விடுவது. தொப்பியைக் கழற்றினால் ஓடையின் வாய் அடைபடும். குத்தகை முடிந்ததும் குழியைச் சீரமைப்பதும் வேலி போடுவதும் எடுத்தவன் கடமை. அந்தக் கடன் பாக்கியிருக்கும்போதே குழியை ஏரி என்றும் ஏரியைச் சொர்க்கம் என்றும் எழுதினால், கடன்காரனுக்கு ரசீது கிழித்துக் கொடுத்ததாகத்தான் அர்த்தம். நாளைக்கு ஒரு குவாரி முதலாளி இந்தக் கட்டுரையை நகல் எடுத்துக் கோப்பில் வைப்பார்: நான் குழி தோண்டவில்லை, சுற்றுலாத்தலம் தோண்டினேன்.

குழியை என்னதான் செய்வது என்று கேட்பார். திருப்பூர்க்காரர்கள் பாறைக்குழியில் குப்பையைக் கொட்டி நாறுகிறார்கள், அது வேண்டாம். சென்னை செய்ததைப் பாருங்கள். 2017 வறட்சியில் மாங்காடு பக்கம் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துக் குழாயில் விட்டார்கள், 2019இல் ஏரிகள் வறண்டபோதும் அந்தக் குழிகள் கைகொடுத்தன. குடம் தூக்கி நின்ற ஊருக்கு அதன் அருமை தெரியும். சேலத்துக் கோடையை அனுபவித்தவருக்குக் குழித்தண்ணீரைக் கண்டதும் துடுப்புச் செருப்பு நினைவுக்கு வருவதுதான் எனக்கு ஆச்சரியம்.

அவர் சொன்னதில் ஒன்று சரி. மாலத்தீவுக்குப் போய்ப் படம் போடுவதற்காகவே மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பகட்டுக்கு மறுப்பு, உள்ளூர்க் குழிக்கு மாலத்தீவு என்று பேர் சூட்டுவதா? வெளியூர் மயக்கம் தெளியாதவன்தான் தன் ஊருக்கு வெளியூர்ப் பெயரைத் தேடுவான். சேலத்திலிருந்து 200 கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி, முறையான ஆசிரியர்களோடு கடலில் ஸ்கூபா கற்றுத்தருகிறார்கள், நானும் அங்கேதான் கற்றேன். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை, 1986இலேயே தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். தூத்துக்குடியில் சங்குகுளித்தவர்களும் முத்துக்குளித்தவர்களும் எந்தச் சான்றிதழும் இல்லாமல் மூச்சை அடக்கிப் போய்வந்த கடல் அது. இன்றும் பாம்பன், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடி மாட்டி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு மூழ்குகிறார்கள். உள்ளூர்ப் பெருமை வேண்டுமென்றால் அங்கே தொடங்குங்கள்.

ஏற்காட்டுக்கும் புதுக் கவர்ச்சி ஒன்றும் தேவைப்படவில்லை. 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காபி, பங்குனி சித்திரையில் ஒரு மழை விழுந்த சில நாளில் ஒருசேர வெள்ளையாய்ப் பூத்து மலையே மணக்கும். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலையாளிப் பழங்குடி மக்கள் ஊர் ஊராக வந்து சேர்வார்கள். இதையெல்லாம் பார்க்க நீந்தத் தெரிய வேண்டியதில்லை.

நீந்தத்தான் ஆசை என்றால் வாழப்பாடிப் பக்கம் எங்கள் சித்தப்பா தோட்டத்துக் கிணற்றுக்கு வரட்டும். அறுபதடி. படிக்கட்டு உண்டு, பம்புசெட் திண்டு உண்டு, மேலே நின்று திட்டுவதற்குச் சித்தி உண்டு. முதுகில் கட்டச் சுரைக்குடுக்கை தருகிறேன், சிலிண்டரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். மூச்சடக்கி நாலு முக்குளி போட்டு ஏறினால் ரத்தத்தில் குமிழ் கட்டாது. சாயங்காலமே தாராளமாக ஏற்காடு போய்க் காபி குடிக்கலாம்.