கீழே விழுந்தாலே ரிவால்வர் வெடிக்குமா? ஆறு குண்டு துப்பாக்கியில் ஐந்தே குண்டு போடுவது ஏன்?

2024 அக்டோபர் 1, அதிகாலை 4.45 மணி வாக்கில், மும்பை ஜுஹுவில் உள்ள வீட்டில் நடிகர் கோவிந்தா கொல்கத்தா கிளம்பிக்கொண்டிருந்தார். உரிமம் பெற்ற தன் ரிவால்வரை எடுத்து வைக்கும்போது அது கைநழுவிக் கீழே விழ, குண்டு அவர் காலில் பாய்ந்தது. ஆபரேஷன் செய்து குண்டை எடுத்தார்கள். சில நாட்களில் வீடு திரும்பினார்.

செய்தி வந்ததும் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "டிரிக்கரைத் தொடாம துப்பாக்கி எப்படிங்க வெடிக்கும்?"

வெடிக்கும். எல்லா ரிவால்வரும் அப்படி வெடிக்காது, ஆனால் சில ரகங்கள் வெடிக்கும். அதிலும் துப்பாக்கிப் பிரியர்கள் "இது மாதிரி வருமா" என்று உருகும் பழைய ரகங்கள்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன.

பொட்டு வெடிதான் கணக்கு

தீபாவளிக்குப் பொட்டு வெடியைத் தரையில் வைத்து கல்லால் தட்டியிருப்போம் இல்லையா? தோட்டாவுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான். தோட்டாவின் அடிப்பக்கம் நடுவில் சின்னதாக ஒரு மூடி இருக்கும். அதன் பெயர் பிரைமர். அதற்குள் அடிபட்டால் பற்றிக்கொள்ளும் மருந்து இருக்கும். ரிவால்வரின் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கும் ஹாமர் வந்து அடித்தால், ஒரு ஊசி அந்த மூடியைக் குத்தும். பிரைமர் பற்றும், உள்ளே இருக்கும் வெடிமருந்து எரியும், குண்டு பறக்கும்.

டிரிக்கரின் வேலை அந்த ஹாமரை விடுவிப்பது மட்டும்தான். பிரைமருக்கு அடி எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. பழைய ரிவால்வர்களில் ஹாமர் இறங்கி இருக்கும்போது ஊசியின் முனை ஏறக்குறைய பிரைமர் மேலேயே உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் துப்பாக்கி ஹாமர் பக்கமாகக் கல் தரையில் விழுந்தால், கல்லால் பொட்டு வெடியைத் தட்டிய கதைதான்.

'அஞ்சே போடு' என்ற பாடம்

1873-ல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, கவ்பாய் படங்களில் இடுப்பில் தொங்குமே, அதுதான். இன்றுவரை அமெரிக்க ரிவால்வர் பிரியர்களின் செல்லப்பிள்ளை. அதில் ஆறு அறை உண்டு. ஆனால் விவரம் தெரிந்தவர்கள் ஐந்து தோட்டாதான் போடுவார்கள். ஒன்று போட்டு, ஒரு அறையைத் தாண்டி, நாலு போட்டு, ஹாமரை முழுசாக இழுத்து மெதுவாக இறக்கினால் காலி அறை ஹாமருக்கு நேராக வந்து நிற்கும். துப்பாக்கி கீழே விழுந்தாலும் ஊசி வெற்றிடத்தில்தான் குத்தும். அப்பா பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமாக இது அங்கே தலைமுறை தாண்டி வருகிறது.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. காலி அறை காப்பாற்றுவது கீழே விழும்போது மட்டும்தான். ஹாமரை இழுத்த உடனே சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா நேராக வந்துவிடும். "முதல் அறை காலிதானே" என்று விளையாட்டுக்கு டிரிக்கரை இழுத்தால் முடிந்தது கதை.

2021 அக்டோபரில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்ததும் இந்த ரகத்தின் நகல் ரிவால்வரால்தான். டிரிக்கரை இழுக்கவில்லை என்றார் நடிகர் அலெக் பால்ட்வின். எஃப்.பி.ஐ. சோதித்துப் பார்த்தது. ஹாமர் முழுசாகப் பின்னால் இருக்கும்போது, உள்பாகம் உடையாத வரை, டிரிக்கரை இழுக்காமல் அது வெடிக்கவில்லை. ஆனால் ஹாமர் இறங்கிய நிலையில், தோட்டா உள்ள அறை நேராக இருக்கும்போது, ஹாமர் மேல் நேரடியாக அடித்தால் டிரிக்கரைத் தொடாமலே பிரைமர் வெடித்தது. 150 வருஷத்துக்கு முந்தைய வடிவமைப்பு அப்படித்தான். பால்ட்வின் மீதான வழக்கு 2024 ஜூலையில் தள்ளுபடியானது. ஆயுதப் பொறுப்பாளருக்கு 18 மாத சிறை.

போர் அவசரத்தில் கழற்றிய பாகம்

ஹாமரைத் தடுத்து நிறுத்த உள்ளே ஒரு சின்ன இரும்புத் துண்டு வைத்தால் போதும் என்பது ரொம்ப காலமாகவே தெரிந்த விஷயம். 1900-களின் தொடக்கத்திலேயே கோல்ட் நிறுவனம் அதை வைத்து, 'போலீஸ் பாசிட்டிவ்' என்று அந்தப் பூட்டின் பெயரையே துப்பாக்கிக்கும் சூட்டியது.

ஆனால் இரண்டாம் உலகப் போரில் என்ன நடந்தது தெரியுமா? 1942-ல் பிரிட்டன் தன் ராணுவத்தின் என்ஃபீல்ட் நம்பர் 2 ரிவால்வரில் உற்பத்தியை எளிதாக்க அந்தத் தடுப்பையே எடுத்துவிட்டது. கீழே விழுந்தால் ஆபத்து என்று தெரிந்ததால், போர் முடிந்த பிறகு அவற்றைத் திரும்ப வாங்கி மறுபடி மாட்ட வேண்டி வந்தது. அதே காலத்தில், 1944-ல், அமெரிக்கக் கடற்படைக் கப்பல் தளத்தில் விழுந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'விக்டரி' ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்தார். அந்த நிறுவனம் அவசர அவசரமாக ஹாமர் தடுப்பை மாற்றி வடிவமைத்தது. ஒரு பக்கம் எடுத்தார்கள், இன்னொரு பக்கம் ஒரு உயிர் போன பிறகு பலப்படுத்தினார்கள்.

ரூகர் நிறுவனத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1973-ல் அது 'டிரான்ஸ்ஃபர் பார்' முறைக்கு மாறியது. டிரிக்கரை முழுசாக இழுத்தால் மட்டும் ஒரு பட்டை மேலே எழும்பும். ஹாமர் பட்டையைத் தட்டும், பட்டை ஊசியைத் தட்டும். இழுக்காவிட்டால் பட்டை கீழேயே கிடக்கும், ஹாமரால் ஊசியைத் தொடவே முடியாது. 1953 முதல் 1972 வரை விற்ற பழைய துப்பாக்கிகளுக்கும் 1982 முதல் இலவசமாகவே மாற்றித் தர ஆரம்பித்தது.

இலவசம்தான், ஆனாலும் எல்லாரும் அனுப்பவில்லை. "டிரிக்கர் இழுக்கும்போது அந்தப் பழைய ஃபீல் போயிடும்", "ஒரிஜினல் பாகம் மாறினா மதிப்பு குறையும்" என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் காரணம். இத்தனைக்கும் கழற்றிய பழைய பாகங்களை ரூகர் திருப்பியே கொடுத்துவிடுகிறது. ஆசைப்பட்டு வைத்திருக்கும் பொருளில் கை வைக்க மனசு வராது என்பது புரிகிறது. ஆனால் மாற்றாமல் வைத்திருப்பவர் ஐந்து தோட்டா கணக்கை ஒரு நாள்கூட மறக்க முடியாது.

இந்தியாவில் ஏன் இது பெரிய விஷயம்?

நம் நாட்டில் பிரியம் மட்டும் காரணம் இல்லை. 1980-களில் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி இறக்குமதி தனியார் சந்தைக்கு மூடப்பட்டது. அதனால் அதற்கு முன் வந்த வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்கள் லட்சக்கணக்கில் விலை போகின்றன. வயசாக ஆக மவுசு கூடுகிறது. காரைப் போல பத்து வருஷத்தில் மாற்றுகிற பழக்கம் இங்கே கிடையாது.

உள்நாட்டில் கான்பூர் அரசு ஆலை தயாரிக்கும் .32 ரிவால்வரும் பழைய வெப்லி மார்க் 4-ஐ ஒட்டியதுதான். நடுவில் மடக்கித் திறக்கும் வகை. திறந்தால் ஆறு அறையும் ஒரே பார்வையில் தெரியும், தோட்டாக்கள் மொத்தமாக வெளியே வந்துவிடும். உள்ளே தோட்டா இருக்கா இல்லையா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும், இதற்காகவே இந்த வகையை விரும்புகிறவர்கள் உண்டு. நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு 2014-ல் பெண்களுக்கென்று வந்த 'நிர்பீக்' ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம். விலை அப்போதே ஒரு லட்சத்து 22 ஆயிரத்துக்கு மேல்.

அடுத்தது வாரிசு விஷயம். 2016 ஆயுத விதிகளின்படி உரிமதாரர் இறந்தாலோ, 70 வயதைத் தொட்டாலோ, 25 வருஷம் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசுக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். துப்பாக்கி இப்படி தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்துவிடும். ஐந்து தோட்டா பழக்கமும் கூடவே வருமா?

அதே விதிகள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி எல்லாம் கேட்கின்றன. 2019 சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை ஜெயில் என்றது. எல்லாம் சரி. ஆனால் ஹாமருக்கும் ஊசிக்கும் நடுவே அந்த இரும்புத் துண்டு இருக்கிறதா, தேயாமல் வேலை செய்கிறதா என்பதை லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ள முடியாது. துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடம் காட்டினால்தான் தெரியும்.

'தற்செயலாக' என்ற வார்த்தை

2025 ஜனவரியில் லூதியானா மேற்கு ஆம் ஆத்மி எம்.எல்.ஏ. குர்ப்ரீத் கோகி வீட்டில் குண்டு பாய்ந்து உயிரிழந்தார். தற்செயலாகச் சுட்டுக்கொண்டதாகக் குடும்பத்தினர் சொன்னதாகப் போலீஸ் தெரிவித்தது. இந்தியாவில் இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் 'தற்செயலாக' என்ற வார்த்தையும் வந்துவிடும். நம் டெஸ்க்கிலும் அப்படித்தான் எழுதுகிறோம்.

அமெரிக்கப் பயிற்சியாளர்கள் இந்த வார்த்தையைச் சுலபமாக ஏற்பதில்லை. பாகம் உடைந்து வெடித்தால் மட்டும் விபத்து, மற்றதெல்லாம் கவனக்குறைவு என்று பிரித்துப் பேசுகிறார்கள். 1976-ல் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் வகுத்த நாலு விதிகளை அவர்கள் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள்: எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே நினை, சுடக்கூடாத எதையும் நோக்கி முனையைத் திருப்பாதே, குறி பார்க்கும் வரை டிரிக்கரில் விரல் வைக்காதே, எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். கவனித்தால், இதில் மூன்று விதிகள் சுடும் நேரத்துக்கானவை மட்டும் இல்லை. பீரோவில் எடுத்து வைக்கும் நேரத்துக்கும் பொருந்தும்.

துப்பாக்கி கை நழுவினால் பாய்ந்து பிடிக்கக் கூடாது என்பதும் அங்கே சொல்லித்தரும் பாடம். பிடிக்கப் போன விரல் டிரிக்கரில் மாட்டி வெடிப்பது உண்டு. உள்ளே தடுப்பு உள்ள ரிவால்வர் என்றால் விழட்டும் என்று விட்டுவிட வேண்டும். பழைய ரகம் என்றால் விழவிட்டாலும் ஆபத்து, பிடித்தாலும் ஆபத்து. எனவே அதைத் தூக்கி வைக்கும் முன்பே தோட்டாவை எடுத்துவிடுவது ஒன்றே வழி.

வீட்டுப் பெட்டியில் பழைய துப்பாக்கி கிடந்தால்?

பெரியவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் ரிவால்வர் கிடைத்தால், வேலை செய்யுதா என்று இழுத்துப் பார்க்க வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் போன துப்பாக்கியைத் தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு உரிமம் வாங்கி அதைத் திரும்பப் பெறலாம், இல்லையென்றால் உரிமம் உள்ளவருக்கு விற்கலாம். அதில் தோட்டா இருக்கும் என்று சந்தேகம் வந்தால் எடுத்துக்கொண்டு கிளம்பாமல், ஸ்டேஷனுக்கு போன் போட்டு அவர்களையே வரச் சொல்லிவிடலாம்.