அவசரப் பணியும் முக்கியப் பணியும்

மும்பையின் மாட்டுங்கா ரயில் நிலையத்தில் விரைவு வண்டிகளுக்கு ஒரு சோடித் தண்டவாளமும், எங்கும் நின்று செல்லும் வண்டிகளுக்கு வேறொரு சோடியும் உள்ளன. செம்பூரில் மின்சார வண்டிகள் யாவற்றிற்கும் ஒரே சோடிதான். அங்கே ஒரு வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருவனவும் நிற்க வேண்டியதே. கணிப்பொறிகளிலும் இவ்விரு முறைகளுள் எதனைக் கொள்வது என்னும் வினா இன்று எழுந்துள்ளது.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் அப்சரா அணு உலை 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. அணு உலையை ஆபத்தில் நிறுத்தும் அமைப்பை, அன்றாடக் கட்டுப்பாட்டு அமைப்பினின்றும் பிரித்து வைப்பது அத்துறையின் நெடுநாளைய கொள்கையாகும். ஆயின் விமானங்களிலும் மோட்டார் வண்டிகளிலும், எடையும் செலவும் குறையும் பொருட்டு, பல பிராசஸர்கள் கொண்ட ஒரே கணிப்பொறியில் உயிர்காக்கும் பணியையும் சாதாரணப் பணியையும் சேர்த்து இயக்குகின்றனர்.

பிராசஸர்களைப் பெருக்கினால் போதும் என்று எண்ணுவோர் பலர். ஒரு கணக்கைப் பார்ப்போம். பிராசஸர்கள் இரண்டு, பணிகள் மூன்று. இரு சிறு பணிகள் 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை 2 மில்லி செகண்டு வேலை கேட்கின்றன. முக்கியப் பணி ஒன்று 11 மில்லி செகண்டுக்குள் 10 மில்லி செகண்டு வேலையை முடித்தாக வேண்டும். கெடு நெருங்கியதற்கே முதலிடம் என்று விதித்தால், சிறு பணிகள் இரண்டும் இரு பிராசஸர்களையும் முதலில் பற்றிக்கொள்ளும். முக்கியப் பணி 2இல் தொடங்கி 12க்கு முன் முடியாது, கெடு தவறிவிடும். இத்தனைக்கும் மொத்தச் சுமை, இரு பிராசஸர்களின் திறனில் மூன்றில் இரண்டு பங்கிற்கும் குறைவே! சிறு பணிகளை ஒரு பிராசஸரில் அடைத்து, மற்றதை முக்கியப் பணிக்கே விட்டிருந்தால் இடரில்லை. இவ்விளைவைச் சுதர்சன் தால், லியு ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்டனர்.

மேலும், பிராசஸர்கள் பொது நினைவகத்திற்குச் செல்லும் பாதையில் ஒன்றையொன்று தடுப்பதால், ஒரு பணி எவ்வளவு நேரம் கொள்ளும் என்பதை உறுதியாகக் கூறுதல் அரிது. ஆகவே ஒரே பணிக்குச் சாதாரண மதிப்பீடு ஒன்றும், மிக எச்சரிக்கையான மதிப்பீடு ஒன்றும் கொள்ளும் முறையை வெஸ்டல் என்பார் 2007இல் முன்வைத்தார். அதன் வழிவந்த பல திட்டங்களில், முக்கியப் பணி முதல் மதிப்பீட்டைத் தாண்டியதும் சிறு பணிகள் கைவிடப்படுகின்றன.

இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. இயக்குபவர் பார்க்கும் அளவுத் திரை சிறு பணி என்றே வகுக்கப்படலாம். ஆனால் கோளாறு நேரும் அந்த நிமிடத்தில்தான் அவருக்கு அது மிகவும் வேண்டும்! அதனை அறவே நிறுத்தாது, பத்துக்கு ஒருமுறை மாறுவதை நாற்பதுக்கு ஒருமுறை மாறச் செய்தால் யாருக்கும் தீங்கில்லை. உயிர்காக்கும் பணிக்கோ, செலவு மிகினும், தனிப் பிராசஸரே தக்கது என்பது என் துணிபு.

களப்பணியாளர்கள் புதிய கருவியை ஏற்கும்போது, சுமை மிகின் இது எதனைக் கைவிடும் என்று எழுத்தில் கேட்டுப் பெறுவாராக. ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கைக் கரும்பலகையில் இரு கோடுகளாக வரைந்து, மாணவரையே வண்டிகளை ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். அரைமணி நேரமே ஆகும்.