எந்த ஊர், எப்போது வந்தீர்கள், அட்டை எங்கே?

ஒரகடம், வல்லம், வல்லக்கோட்டை வட்டாரத்தில் மருத்துவம் பார்ப்பவர்கள், காய்ச்சலில் வலிப்பு கண்ட குழந்தையின் பெற்றோரிடம் தவறாமல் கேட்க வேண்டியவை இந்த மூன்றும். பாராசிட்டமால் எழுதி "பயப்படாதீங்க" என்று அனுப்பிவைப்பது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால், அந்த ஆறுதலைச் சொல்லும் தகுதி இந்தக் கேள்விகளுக்குப் பிறகே வருகிறது.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. டயர், உதிரிபாகம், செல்போன் என்று அடுத்தடுத்து வந்த ஆலைகளிலும் கட்டுமானத்திலும் வேலை தேடி ஒடிசா, ஜார்கண்ட், பீகார், அசாம் மாநிலத்தவர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் குடும்பத்தோடு வாடகை வீடுகளில் இருப்பவர்களின் கைக்குழந்தைகளும் நம் நோயாளிகளே.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வருகிறது. உடல் முழுவதும் வெட்டி, 15 நிமிடத்துக்குள் அடங்கி, 24 மணி நேரத்தில் மீண்டும் வராமல், குழந்தை தெளிந்து தாயை அடையாளம் கண்டு பால் குடித்தால் அது எளிய வகை. அதற்கு ஸ்கேனும் வேண்டாம், இ.இ.ஜி.யும் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளுக்கு இன்னொரு முறை வரலாம். பின்னாளில் வலிப்பு நோயாக மாறுவது 100-ல் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அமெரிக்காவில் நெல்சனும் எல்லன்பெர்க்கும் 1,706 குழந்தைகளை ஏழு வயதுவரை தொடர்ந்து கவனித்து 1970-களில் வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் நம் நம்பிக்கைக்கு அடித்தளம்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2011 வழிகாட்டுதலில் ஒரு வரியை நாம் வேகமாகத் தாண்டிப் போகிறோம். 6 முதல் 12 மாதக் குழந்தைக்கு ஹிப், நிமோகாக்கல் தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்படவில்லை என்றாலோ, போட்டார்களா என்றே தெரியவில்லை என்றாலோ, முதுகுத் தண்டுநீர்ப் பரிசோதனையை யோசிக்கச் சொல்கிறது அது. ஹிப் அடங்கிய பெண்டாவேலன்ட் 2011 டிசம்பரிலேயே தமிழ்நாட்டு அரசுத் திட்டத்தில் வந்துவிட்டது. நிமோகாக்கல் 2021-ல் வந்தது. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் பெயருள்ள குழந்தைக்கு இது பெரும்பாலும் பிரச்சினையில்லை. "அட்டை ஊர்ல இருக்கு" என்று தகப்பன் சொல்லும் எட்டு மாதக் குழந்தைதான் அந்த வரிக்கு உரியது. இடையில் மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் சிரப் இரண்டு நாள் உள்ளே போயிருந்தால், மெனிஞ்சைட்டிஸின் அறிகுறிகள் மங்கியே தெரியும். பையிலிருக்கும் பாட்டிலை வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

ஒடிசா, ஜார்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து அண்மையில் வந்த குழந்தைக்கு மலேரியா விரைவுப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. வலிப்பு நின்ற பிறகும் நினைவு திரும்பாத குழந்தைக்கு ஃபால்சிபாரம் மலேரியா இல்லை என்று உறுதியாகும்வரை "காய்ச்சல் வலிப்பு" என்று சீட்டில் எழுத வேண்டாம். விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்; அதைத் தவிர்க்க எந்தக் காரணமும் கிடையாது.

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் மிடாசோலம், கிலோவுக்கு 0.2 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு 2 மி.கி. ஒரு அழுத்தத்துக்கு 0.5 மி.கி. தரும் பாட்டிலானால் நான்கு முறை, இரு மூக்கிலும் பகிர்ந்து. பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும் என்பதால், லேபிளைப் பார்த்துக் கணக்கைப் பாட்டிலின் மேலேயே எழுதி ஒட்டிவைக்கும் செவிலியர் பாராட்டுக்குரியவர். நரம்பு தேடி நேரம் கழிப்பதைவிட இது மேல்.

எளிய காய்ச்சல் வலிப்புக்குத் தினசரி பினோபார்பிட்டோன் எழுதுவதற்கு இனி இடமில்லை. 1990-ல் ஃபார்வெல் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அந்த மருந்து தரப்பட்ட குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு இரண்டாண்டு முடிவில் மற்றவர்களைவிடச் சராசரியாக 8.4 புள்ளிகள் குறைவாக இருந்தது. வலிப்பும் குறையவில்லை. பாராசிட்டமால் குழந்தையின் அசதியைக் குறைக்கும். அடுத்த வலிப்பைத் தடுக்கும் என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். கொடுத்தால், மறுபடி வலிப்பு வரும்போது மருந்தைச் சரியான நேரத்தில் தரவில்லையே என்று அந்தத் தாய் தன்னையே நொந்துகொள்வாள்.

தேசியக் குடும்பநல ஆய்வு-5-ன்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவுக்கும் காய்ச்சல் வலிப்புக்கும் தொடர்பிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஹீமோகுளோபின் பார்த்து, குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மருந்து கொடுப்பது எப்படியும் நம் கடமை.

கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, பல்லிடுக்கில் கரண்டி நுழைப்பது இரண்டும் வேண்டாம் என்று தமிழில் சொல்லிவிடுகிறோம். ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதுவும் போடாதே, கடிகாரம் பார், ஐந்து நிமிடமானால் 108-ஐ அழை: இந்த நான்கும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளியிலும் படத்தோடு அச்சாகி ஒவ்வொரு கிளினிக்கிலும் இருக்க வேண்டும். அதே தாளின் பின்பக்கத்தில் விடுபட்ட தடுப்பூசிகளின் தேதியையும் குறித்துக் கொடுங்கள். காய்ச்சல் வலிப்பு வந்தது என்பதற்காக எந்தத் தடுப்பூசியையும் நிறுத்தத் தேவையில்லை. குடும்பத்தின் இன்றைய முகவரியும் போன் எண்ணும் பெற்றோரின் சம்மதத்தோடு அன்றைக்கே அந்தப் பகுதியின் கிராம சுகாதாரச் செவிலியருக்குப் போய்ச் சேர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த மாதமே அவர்கள் வேறு ஊருக்குப் போய்விடக்கூடும்.